அவளுடைய இரண்டு நொடி

தூரம் என்பதையே ஒழித்துக்கட்டப் போகிறோம் என்று எம்.டி. அறிவித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தூரத்துக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

தலைக்கு மேலே ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில், தாழ்வான பாதையில், அறுநூறு செயற்கைக்கோள்கள் வலை பின்னியதுபோலச் சுற்றிவரும். நடுக்கடலோ மலையுச்சியோ, எங்கே நின்றாலும் அடுத்த தலைமுறை போன் பேசலாம் என்பது திட்டம். இதுவரை மேலே போயிருந்தவை ஆறு. மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கும் வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு குறையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

தரைநிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. மொட்டை மாடியில் கவிழ்த்துவைத்த பானைகள் மாதிரி நான்கு வெள்ளைக் கூண்டுகள், அவற்றுக்குள்ளே டிஷ்கள். கீழ்த்தளத்தில் பயிற்சிக் கூடம். மேல்தளத்தில் கட்டுப்பாட்டு அறை. இயந்திரங்களுக்காகக் குளிரூட்டப்பட்ட அந்த அறையில் மனிதர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஜன்னலோர மேஜைக்காரரை எல்லோரும் ‘தாமதம்’ என்று கூப்பிட்டார்கள். ஒரு சொல் இங்கிருந்து கிளம்பி, செயற்கைக்கோளைத் தொட்டு, எதிர்முனைக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் தாமதம் ஆகிறது என்று அளப்பது அவர் வேலை. அலுவலகத்துக்குச் சரியான நேரத்தில் வருகிற ஒரே ஆள் அவர்தான். அதனால் பெயர் மாறிவிடவில்லை.

அவருடைய மனைவி கப்பலில் தகவல் தொடர்பு அதிகாரி. அதுவும் கேபிள் கப்பல். கடலடியில் அறுந்துபோகிற இணையக் கேபிளைக் கொக்கி போட்டுத் தூக்கி, ஒட்டி, திரும்ப இறக்குவது அந்தக் கப்பலின் பிழைப்பு. வானத்திலிருந்தே இணையம் வந்துவிட்டால் அந்தப் பிழைப்பில் மண். ஆனாலும் சோதனைக்குக் கப்பல் தர முன்வந்தது அவளுடைய கம்பெனி ஒன்றுதான். “கழுத்தை நீட்டிக்கிட்டு வந்து, கத்தி கூராத்தான் இருக்கான்னு பார்த்துச் சொல்றாங்க மாமா” என்பான் மச்சினன். அதே நிலையத்தில் மாடி டிஷ்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன், மனைவியின் தம்பி. நாற்பது வயதாகியும் அக்காவுக்குப் பயப்படுவான், மாமாவைக் கிண்டல் செய்வான்.

மனைவி ஒருமுறை கப்பல் ஏறினால் பத்து மாதம். இப்படிப் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் கப்பலில் இருந்த பழைய போனில்தான் பேச்சு. அந்தப் போன் நம்பியிருந்த செயற்கைக்கோள் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. கேட்டால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். அரை நொடி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் அதில் குடும்பம் நடத்திப் பார்க்க வேண்டும். “சாப்…”, “எப்ப…”, “சொல்லு”, “நீங்க சொல்லுங்க”, “இல்ல நீ சொல்லு” என்று இரண்டு பேரும் கதவில் முட்டிக்கொள்கிறவர்கள்போல முட்டிக்கொண்டு, சொல்ல வந்ததை மறந்து, வானிலை விசாரித்துவிட்டு வைப்பார்கள். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. எந்த மௌனம் வந்தாலும் பழியைச் செயற்கைக்கோள்மேல் போட்டுவிடலாம்.

புது இணைப்பு அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டது. போய்வர நாற்பது மில்லி செகண்ட். கண் சிமிட்டுவதற்கே அதைவிட நேரமாகும்.

ஆறு செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேச முடியாது. பிற்பகலில் ஒருமுறை, ஏதாவது ஒன்று அடிவானத்தில் கிளம்பி, நிலையத்தையும் கப்பலையும் ஒரே சமயத்தில் பார்க்கிற கோணத்தில் ஏழு நிமிடம் ஓடும். அந்த ஏழு நிமிடத்தில் சோதனை அழைப்பு. சொந்த விஷயம் பேசக்கூடாது, எல்லாம் பதிவாகும், கொடுத்திருக்கிற வாக்கியங்களை மட்டுமே வாசிக்க வேண்டும். “காற்று மிதமாக வீசுகிறது. கதவு மூடப்பட்டுள்ளது. ஏழு, மூன்று, ஒன்பது.” மனைவி இதை வாசித்துக்கொண்டே போய், அதே தொனியில், “மாடியில் காய்கிற துணியை மழைக்கு முன் எடுக்கவும். இருமல் மருந்து இரண்டாவது அலமாரியில் உள்ளது” என்பாள். தாமதம், “வாக்கியம் தெளிவாகக் கேட்டது” என்று குறித்துக்கொண்டு, ‘சாப்பிட்டியா’, ‘அலை எப்படி’ என்று தன் பங்குக்கு ஒன்றிரண்டைச் சொருகுவார். நாற்பத்தொரு நாள் இப்படி நடந்தது. பதினொரு வருடத்தில் அவருக்கு வாய்த்த மிக நல்ல நாற்பத்தொரு நாள் அது. அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

கேட்டதால்தான் ஆசை வந்தது. புதன்கிழமை, ஏழு நிமிடத்தில் கடைசி முக்கால் நிமிடம் மிச்சமிருந்தபோது, விதியை மீறி நேராகவே கேட்டுவிட்டார்.

“இந்தத் தடவையோட எறங்கிடுறியா?”

அடுத்த பத்து மாதத்துக்கான ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பதில் வரவில்லை. அவர் கண் தானாகத் திரைக்குப் போயிற்று. பழக்கதோஷம். ஒலிக்கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நொடிக்கு மேல். பிறகுதான் அவள் குரல் வந்தது.

“கேக்கறீங்களா, சொல்றீங்களா?”

ஆனால் தாமதம் அதற்குள் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். தட்டைக் கோட்டைப் பார்த்தபடியே, “சும்மாதான் கேட்டேன். உன் இஷ்டம்” என்றார். செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

அன்று மாலை அவர் செய்ததை வேறெந்தத் தொழில்காரரும் செய்திருக்க மாட்டார். அந்த மௌனத்தைத் துல்லியமாக அளந்தார். 2.36 நொடி. அதில் செயற்கைக்கோளின் பங்கு 0.04. கழித்தார். மிச்சம் 2.32 நொடி, முழுக்க அவளுடையது. வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். கணவனிடம் திரும்பிவர வேண்டுமா என்று ஒரு மனைவி யோசிக்கிற நேரம், இரண்டு தசம இடச் சுத்தத்தில்.

வியாழக்கிழமை பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தார். எம்.டி. அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: நாளை திறப்பு விழா, எனவே இன்று செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுக்கவும். அது வெயிலில் ஓடுகிற மாடு அல்ல என்று விளக்க ஒருவர் போனார். வாயை மூடிக்கொண்டு திரும்பிவந்தார். மின்னஞ்சலுக்கும் வழியில்லை. கேபிள் தூக்குகிற வாரத்தில் கப்பலின் பழைய இணைப்பு வேலைக்கு மட்டும்தான், சொந்தக் கடிதத்துக்கு மூடிவிடுவார்கள்.

ஓய்வெடுத்த செயற்கைக்கோள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த நேரத்தில், கீழே பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. எம்.டி. மேடையில் வெள்ளைப் போனை எடுத்து “ஹலோ, கடல் எப்படி இருக்கு?” என்பார். விளம்பரப் பிரிவு மேலாளர் பக்கத்து அறையிலிருந்து கப்பலாக நடித்து, “ரொம்ப அமைதியா இருக்கு சார்!” என்று அவர் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார். சம்பளம் வாங்குகிற கடல் அப்படித்தான் பதில் சொல்லும்.

மச்சினன் அன்று மாலை மாமா வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தான். குளிர்பதனப் பெட்டிக் கதவைப் பார்த்தான்.

“என்ன மாமா இது, உங்க ஈ.சி.ஜி.யா?”

“உங்க அக்காவோட மௌனம்.”

“ஐயோ. அதுக்குமா கிராஃபு?”

தாமதம் எல்லாவற்றையும் சொன்னார். மச்சினன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“சரி, மத்த கேள்விக்கெல்லாம் அவ எவ்வளவு நேரம் எடுத்தா?”

“எந்தக் கேள்விக்கு?”

“சாப்பிட்டியா, தூங்கினியா. நாப்பத்தொரு நாளா இதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தீங்க? ஊரே சொல்லுது.”

தாமதம் வரைபடத்தை இன்னொருமுறை பார்த்தார். ஒரே ஒரு அளவை எடுத்து வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்திருந்தால், அறிக்கையைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்திருப்பார்.

மடிக்கணினியைத் திறந்து பழைய பதிவுகளை ஓட்டினார். ‘சாப்பிட்டியா?’ 2.3 நொடி. ‘அலை எப்படி?’ 2.4. ‘ஏழு, மூன்று, ஒன்பது, திரும்பச் சொல்லவும்.’ 2.3. அவள் எல்லாவற்றுக்கும் அதே நேரம்தான் எடுத்திருந்தாள். பதினொரு வருடமாகவே எடுத்திருப்பாள். அவர்தான் அதை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரின் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

“வீட்ல இப்படி இல்லையேடா. நான் பேசி முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுவா.”

“வீட்ல நீங்க நேர்ல இருக்கீங்க. கையில ரேடியோவோ போனோ இருந்தா ரெண்டு எண்ணிட்டுத்தான் பேசுவா. கப்பல் ரேடியோ படிப்புல முதல் பாடமே அதுதானாம். எதிராளி முடிச்ச உடனே குறுக்க விழக்கூடாது. எங்கயாவது எவனாவது முழுகிட்டிருந்தா, அவன் உள்ள வந்து கத்தறதுக்கு ஒரு சந்து விடணும்ல?” மச்சினன் குழாய்ப் பக்கம் திரும்பினான். “சின்ன வயசுல எங்கிட்டயே தீப்பெட்டில நூல் கட்டிப் பேசும்போதுகூட ரெண்டு எண்ணுவா. அப்பவே பெரிய ஆபீசர்னு நினைப்பு.”

தாமதத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவள் தயங்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவனுக்காக இரண்டு நொடி காத்திருந்துவிட்டு, நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: கேக்கறீங்களா, சொல்றீங்களா? அதற்குத்தான் அவர் ‘சும்மா’ என்று பதில் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை செயற்கைக்கோள் மூன்று நாற்பத்திரண்டுக்குத் தென்படும், மூன்று நாற்பத்தொன்பதுக்கு மறையும். தலைமை விருந்தினர் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார் என்பதால் அதைக் கால் மணி நேரம் தள்ளி வரச்சொல்ல முடியுமா என்று எம்.டி. அலுவலகம் கேட்டிருந்தது. முடியாது என்றதும், யார் அதற்கு அனுமதி தராதது என்று எழுத்தில் கேட்டது.

கூடத்தில் நூறு நாற்காலி. மேல்தளத்துக் கண்ணாடி வழியே தாமதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாற்பத்திரண்டுக்கு இணைப்பு பச்சை காட்டியது. எம்.டி. அப்போதுதான் மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த கட்டத்தில் இருந்தார். நாற்பத்து நான்கில் சக்கரத்துக்கு வந்தார். நாற்பத்தைந்தில் தந்தி, தொலைபேசி, தன்னுடைய இளமைக்கால வறுமை ஆகியவற்றை ஒரே மூச்சில் கடந்து, “இதோ, வரலாற்றில் முதல்முறையாக” என்று வெள்ளைப் போனை எடுத்தார். நாற்பத்தொரு முறை நடந்து முடிந்த ஒன்று அன்று முதல்முறையாக நடந்தது.

“ஹலோ கேப்டன்! கடல் எப்படி இருக்கு?”

கேப்டன் மேல்தட்டில் கொக்கியில் மாட்டிய கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தது தகவல் தொடர்பு அதிகாரி. வழக்கப்படி அவள் இரண்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்றரை எண்ணுவதற்குள் எம்.டி., “ஹலோ?” என்றார். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று அவள் நிறுத்தி, அவர் முடிக்கட்டும் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். “ஹலோ! ஹலோ!” மறுபடி நிறுத்தினாள். மறுபடி எண்ணினாள். முழுகுகிறவன் கத்துவதற்காக விட்ட சந்து முழுவதையும் எம்.டி. அடைத்துக்கொண்டு நின்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தாமதமே இல்லாத தகவல் தொடர்பில் ஒரு நிமிடம் ‘ஹலோ’ மட்டும் ஓடியது.

இன்டர்காம் அலறியது. விளம்பர மேலாளர். “சார், லைன் செத்துப்போச்சா?”

“லைன் நல்லா இருக்கும்மா. அவரை ரெண்டு செகண்டு வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க.”

“அதை நான் சொல்லணுமா? நீங்களே ஏதாவது பண்ணுங்க சார், ப்ளீஸ்!”

மணி மூன்று நாற்பத்தேழு கடந்து பதினெட்டு நொடி. தாமதம் மேஜையில் இருந்த பொத்தானை அழுத்தி, இணைப்பைத் தன் பக்கம் வாங்கினார். கூடத்து ஒலிபெருக்கிகளில் தன் குரலே தனக்குப் பின்னால் கேட்டது.

“நான்தாம்மா பேசறேன்.”

பேசாமல் இருந்தார். கூடமும் தன்னையறியாமல் பேசாமல் இருந்தது.

“சொல்லுங்க,” என்றாள். எம்.டி.க்காக எடுத்து வைத்திருந்த குரல் அதில் இல்லை.

மேஜைமேல் விளம்பரப் பிரிவு கொடுத்த தாள் இருந்தது: ‘எங்கள் சேவை உங்களுக்கு மனநிறைவு தருகிறதா?’ தாமதம் அதைக் கவிழ்த்துப் போட்டார்.

“புதன்கிழமை நான் சும்மா கேக்கல. எறங்கி வந்துடும்மா. கேக்கல, சொல்றேன்.”

தட்டைக் கோடு. இந்த முறை அவர் அதைப் பார்க்கவில்லை.

“காலையிலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க,” என்றாள். “சும்மாதான்னீங்க. சரி, சும்மாதான் போலன்னு…”

“திருப்பி வாங்க முடியாதா?”

மறுபடி அந்த இடைவெளி. கீழே யாரோ இருமினார்கள்.

“எனக்குப் பதிலா வர இருந்த பொண்ணை மத்தியானமே வேற கப்பலுக்குப் போட்டுட்டாங்க.” சற்று நிறுத்தினாள். “அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“அதைத்தான்.”

இணைப்பு மஞ்சளுக்கு மாறியிருந்தது. “எறங்கி வந்துடு,” என்றார். குரல் பிசிறியது. “வீடு வீடா இல்ல. எறங்கி வந்துடும்மா.”

பிறகு எதுவும் வரவில்லை. இணைப்பு சிவப்பானது. அவர் சொல்லி முடித்ததற்கும் செயற்கைக்கோள் மறைந்ததற்கும் இடையே சரியாக இரண்டு நொடி இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது. வழக்கம்போல அவள் அதை யாரோ முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

கூடத்தில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. எம்.டி. இவ்வளவு நேரமும் செத்த போனைக் காதில் வைத்து, தானே பேசியதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். “கேட்டீங்களா தெளிவை? அந்த அம்மா மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சு!” என்றார். அது உண்மைதான்.

அன்று சாயங்காலமே கேபிள் ஒட்டி முடிந்தது. கப்பலை அடுத்த அறுந்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. மேலே இருக்கும் ஆறில் எதுவும் அங்கேயும் இங்கேயும் ஒரே சமயத்தில் எட்டிப்பார்க்காது. இன்னும் ஒரு நூறு கோளாவது மேலே போனால், ஒன்றின் கையிலிருந்து ஒன்று வாங்கிப் பேச்சைக் கொண்டுவந்துவிடும். அடுத்த ராக்கெட் எப்போது என்று கேட்டால் எம்.டி. அலுவலகத்தில் வரவேற்பறைத் திரையைக் காட்டுகிறார்கள்.

பழைய போனில் ஒருமுறை கிடைத்தாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். அரை நொடி, பிறகு இரண்டு நொடி. “கேப்டன் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார்,” என்றாள். கடிதத்தில் கேட்டார். இருமல், துணி, இரண்டாவது அலமாரி எல்லாவற்றையும் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: ‘காதால கேட்டதுக்கு வாயாலதான் பதில் சொல்லுவேன்.’

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. அந்தப் பதிவை விளம்பரமாக்கிவிட்டது. சோதனை ஒலிப்பதிவு எல்லாம் நிறுவனத்தின் சொத்து என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அலைகளின் படம், பின்னால் அவர் குரல்: “எறங்கி வந்துடும்மா. கேக்கல, சொல்றேன்.” உடனே நிறுவனத்தின் சின்னம். அவளுடைய பதில் இல்லை. முப்பது நொடி விளம்பரத்தில் இடம் போதவில்லையாம். போதவே போதாது என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முடிவெட்டும் கடை. தாமதத்தின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சுவர் மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தது. கத்தரி நின்றது.

“சார், இந்தக் குரல் உங்க குரல் மாதிரியே இருக்கே?”

“என் குரல்தான்.”

கடைக்காரர் சுற்றிவந்து கண்ணாடியில் அல்லாமல் நேராகவே அவர் முகத்தைப் பார்த்தார். “நெசமாவா? என் சம்சாரம் இதைப் பார்க்கறப்பல்லாம் கண்ணைத் தொடச்சுக்குவா சார். அப்புறம் அந்த அம்மா எறங்கி வந்தாங்களா?”

“இல்ல. இன்னும் எட்டு மாசம் இருக்கு.”

“என்ன பதில் சொன்னாங்க?”

“சொல்லியிருப்பா. இன்னும் எனக்கு வந்து சேரல.”

கடைக்காரர் மறுபடி பின்பக்கம் போனார். சீப்பால் பின்கழுத்தைத் தட்டிவிட்டார். “தலையைக் கொஞ்சம் குனிங்க சார்,” என்றார் மெதுவாக. தாமதம் குனிந்தார். துணிக்கு அடியில் இருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லாததால், அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார்.